சுருட்டை மருந்தும் தோட்டா மருந்தும்

லிண்டேல் வட்டாரத்தில் மண்சாலைகளைச் சமன்படுத்துவது வெர்லின் ஸ்டக்கியின் வேலை. யானை உயரத்தில் ஒரு மஞ்சள் இயந்திரம். அதன் வயிற்றுக்கடியில் ஆள் நீளத்துக்கு மேல் ஓர் இரும்புத் தகடு. அதை இறக்கிச் சரளையை வழித்துக்கொண்டே காலையில் கிழக்கே போனால் மாலையில் மேற்கே திரும்புவார். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குக் கோடி ஏற்கெனவே தட்டையான பூமிதான். ஆனாலும் ஒரு மழை பெய்து நாலு கோதுமை லாரி ஓடிவிட்டால் சாலை முதலை முதுகு போல் ஆகிவிடும். மேடு பள்ளம் என்றால் வெர்லினுக்கு ஆகாது. காபிக் கடையில் மேசை ஆடினால் காகிதத்தை மடித்து அதன் காலடியில் சொருகிவிட்டுத்தான் உட்காருவார். தேவாலயத்தில் ஒரு படம் கோணலாக மாட்டியிருந்தால் அன்றைய பிரசங்கம் அவர் காதில் ஏறாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த துப்பாக்கியோ வளைத்து வளைத்துச் சுடும் ஜாதி.

ஊரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுவதுபோல் இயக்கும் நவீன ரைபிள், மேலே தொலைநோக்கிக் குழல். வெர்லினிடம் இருந்தது லீவர் துப்பாக்கி. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் பித்தளைக் குப்பி துள்ளி வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். தீயணைப்புத் தொண்டர் படை நடத்திய குலுக்கலில் அது அவருக்கு விழுந்தது. ஆயுசில் அவருக்குக் குலுக்கலில் விழுந்த ஒரே பொருள் அதுதான் என்பதால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒன்றின் மூக்கு முன்னால் நிற்பதன் முதுகில் முட்டிக்கொண்டிருக்கும். முதுகில்தான் வெடிக்கிற கேப். மூக்கு கூராக இருந்தால் ஒரு குலுங்கலில் குழாயோடு கையும் போய்விடும். ஆகவே மூக்கு மொண்ணையாகத்தான் இருக்கவேண்டும். மொண்ணை மூக்கோ காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் களைத்துத் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதனால் இருபது வருஷமாக வெர்லின் மானைக் குறிபார்த்ததே இல்லை. மானுக்கு மேலே இருக்கும் வானத்தைத்தான் குறிபார்ப்பார். கிட்டத்தில் நின்றால் ஒரு சாண் வானம், எட்டத்தில் நின்றால் ஒரு முழம் வானம். பெரும்பாலான வருஷங்களில் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

அவருடைய மச்சான் டெல்மர், அதாவது மனைவி ஓப்பலின் அண்ணன், உரக்கடை வைத்திருந்தார். வயலுக்குப் போகும் அம்மோனியா உரத்தைப் பெரிய வெள்ளைத் தொட்டிகளில் விற்கிறவர். உடம்பும் குரலும் அந்தத் தொட்டி அளவுக்கே இருக்கும். காபிக் கடையில் எல்லோரும் கறியும் முட்டைக்கோசும் அடைத்த ரன்ஸா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும்.

"எங்க வெர்லின் சுடுறதில்லப்பா, தூக்கிப் போடுறான். கல்யாணப் பொண்ணு பூச்செண்டு தூக்கிப் போடுமே, அந்த மாதிரி. எந்த மானுக்கு யோகமோ அது பிடிச்சுக்க வேண்டியதுதான்."

கடையே சிரித்தது. வெர்லினும் சிரித்து வைத்தார். ஆனால் அன்று இயந்திரத்தில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சாலையை வழித்துக்கொண்டே யோசித்தார். கூர்மூக்குக் குண்டு நேராகப் போகும். வரிசையில் நிறுத்தினால்தானே ஆபத்து? வரிசையே வேண்டாம். ஒரே ஒரு தோட்டாவை நேராகக் குண்டு பாயும் குழலுக்குள் வைத்துச் சுட்டால் என்ன? அப்படிப்பட்ட தோட்டா கடையில் கிடைக்காது. சரி, நாமே செய்வோம்.

டெல்மருக்குச் செய்தி எட்டியது. "ஏழு தோட்டா போடுற துப்பாக்கிய ஒரு தோட்டா போடுறதா மாத்தப் போறியா? அப்புறம் நாலு சக்கர வண்டிய வாங்கி மூணு சக்கரத்தக் கழட்டிடு. இன்னும் நேராப் போகும்."

தோட்டா செய்ய ஓர் இடம் வேண்டுமே. வீட்டின் முன்னறை ஓப்பலின் அழகு நிலையம். இரண்டு சுழல் நாற்காலி, தலையில் கவிழ்க்கும் மூன்று உலர்த்திகள், ஊர்ப் பெண்களின் அத்தனை தலைகளும். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சுருட்டை முடி வேண்டும். ஆட்டுக்குட்டியைப் போல் சுருள் சுருளாக இருந்தால்தான் அழகு என்று யாரோ எங்கேயோ முடிவு செய்திருந்தார்கள். அதனால் ஓப்பலுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவள் சாமான் வைக்கும் பின்னறையில் ஒரு மூலை காலியாக இருந்தது. நடுவே ஒரு கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது. வெர்லின் அங்கே மேசை போட்டார்.

வேலை சாதாரணம்தான். சுட்ட பித்தளைக் குப்பியைத் துடைத்து, அச்சில் அழுத்தி, பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதியதைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறக்கவேண்டும். அவ்வளவே. ஆனால் ஒரு தோட்டாவுக்கும் இன்னொரு தோட்டாவுக்கும் தூசி அளவு வித்தியாசம் இருந்தாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழாது. வெர்லினின் தராசு அத்தனை மெல்லியது. பெருமூச்சு விட்டால் ஆடும்.

முதல் நாளே வம்பு வந்தது. தராசு முள் நிற்கவே இல்லை. வெர்லின் ஜன்னலைச் சாத்தினார். மூச்சைப் பிடித்தார். முள் நடனமாடியது. கடைசியில் கதவைத் திறந்து முன்னறையில் தலையை நீட்டினார்.

"ஓப்பல், அந்தக் காத்த ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்து."

"எந்தக் காத்த?"

"தலையில அடிக்கிதே, அந்தக் காத்த."

மூன்று உலர்த்திகளுக்குக் கீழே மூன்று பெண்கள். நடுவில் இருந்தவர் பாஸ்டரம்மா, திருமதி ஆல்ப்ரெக்ட். அவர் தலையைக் குனிந்து உலர்த்தியிலிருந்து வெளியே வந்தார். "ஏன் வெர்லின், யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லங்க. மருந்து நிறுக்கணும்."

ஓப்பல் சீப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். "இவங்க தலை காயறதுக்குக் காசு குடுத்திருக்காங்க. உன் தராசு என்ன குடுத்துச்சு?"

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. உலர்த்தி ஓடாத நேரத்தில்தான் நிறுக்கவேண்டும். ஆனால் உலர்த்தி ஓடாத நேரத்தில் அந்த அறையில் பேச்சு ஓடியது. மருந்து போடும்போது கவனம் சிதறக்கூடாது என்பது வேதவாக்கு. வெர்லினும் கண்ணை மூடாமல் தவம் செய்பவர்போல் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் சாத்தாத கதவு வழியாகப் பாஸ்டரம்மாவின் குரல் வரும்: "...மாட்டு டாக்டர் வீட்டம்மா பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்த விதை விக்கிறவன் கார்ல ஏறினத நானே என் கண்ணால..."

அவ்வளவுதான். கையில் இருக்கும் குப்பிக்கு மருந்து போட்டோமா இல்லையா என்று வெர்லினுக்கு மறந்துவிடும். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாள் மூன்றுமுறை கொட்டியபின் எழுந்து கதவருகே போனார்.

"அந்தம்மா திரும்பி வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வேலை ஓடல."

இத்தனைக்கும் நடுவே, குளிர்காலம் முடியுமுன் ஒரு பெட்டி நிறையத் தோட்டா தேறியது. கூர்மூக்கு, ஒரே நீளம், தங்கமாய்ப் பளபளத்தன. அவற்றைப் பின்னறை அலமாரியில் வேட்டைக்காலத்துக்கென்று வைத்தார். சாப்பிடப் போகும்போதும் படுக்கப் போகும்போதும் போய்ப் பார்த்தார். பிள்ளை பெற்ற வீட்டில்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாலைந்து குப்பிகளின் கழுத்தில் மெல்லிய விரிசல். மறுவாரம் இன்னும் பத்து. சுடாமலே, தொடாமலே, தோட்டா தானாக வெடிப்பு விடுகிறது! குப்பி செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார். சாலை வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு. அந்த மாதம் லிண்டேல் சாலைகள் கொஞ்சம் கோணலாகவே சமன்பட்டன.

டெல்மர் முடிவெட்டிக்கொள்ள வந்திருந்த ஒரு சனிக்கிழமை. கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பாஸ்டரம்மா. அவர் தலை முழுக்கச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுருட்டியிருந்தது. ஓப்பல் ஒரு புட்டியைத் திறந்து அந்தக் குச்சிகளின்மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள். வெர்லின் கையில் விரிசல் விட்ட குப்பியோடு வந்து நின்றார்.

"நீயே பாரு டெல்மர். நான் தொடக்கூட இல்ல. தானா வெடிச்சிருக்கு."

டெல்மர் குப்பியை வாங்கி விரிசலைப் பார்த்தார். அப்புறம் மூக்கை உயர்த்தினார். ஓநாய் மோப்பம் பிடிப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஓப்பல், அது என்ன வாடை?"

"சுருட்டை மருந்து. இது இல்லாம முடி சுருளாது."

"அதுல என்ன இருக்கு?"

"என்னமோ இருக்கு." ஓப்பல் புட்டியைத் திருப்பிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "அம்மோனியா... அதோட இன்னும் ஏதோ நீளமா."

டெல்மருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு நாற்காலியே குலுங்கி, கழுத்துத் துணி அவிழ்ந்து, வெட்டிய முடியெல்லாம் தரையில் சிதறியது.

"யோவ் வெர்லின்! என் கடைத் தொட்டியில ஒரு பித்தளைத் திருகாணி இருந்தாக்கூட இன்ஸ்பெக்டர் என் தோல உரிச்சிடுவான்யா! பித்தளைக்கு அம்மோனியா ஜென்ம விரோதி. மெல்ல மெல்ல உள்ள புகுந்து விரிசல் விட வச்சிரும். நீ போய் அதுக்குப் பக்கத்துலயே தொட்டில் கட்டிப் போட்டிருக்க! உன் தோட்டாவ எல்லாம் உன் பொண்டாட்டிதான்யா கொன்னிருக்கா, சொட்டுச் சொட்டா!"

பாஸ்டரம்மா நாற்காலியின் கையைப் பிடித்தார். "அப்ப என் தலை? என் தலையும் விரிசல் விடுமா?"

"தலை பித்தளையா இருந்தாத்தாங்க," என்றார் டெல்மர், கண்ணீரைத் துடைத்தபடி.

வெர்லின் சிரிக்கவில்லை. ஓப்பலைப் பார்த்தார். ஓப்பலும் அவரைப் பார்த்தாள். இருவரில் ஒருவர் அந்த இடத்தைக் காலி செய்யவேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்தது. அது யார் என்பதும் தெரிந்தது.

"ஊர்ப் பொம்பளைங்க தலை முழுக்க என் கையில இருக்கு," என்றாள் ஓப்பல். "நான் நிறுத்தினா உன்ன உயிரோட விடமாட்டாங்க."

வெர்லின் மேசையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறக் கோழிக் கூண்டுக்குப் போனார். அதில் பாதி காலியாக இருந்தது. வெள்ளையடித்து, பலகை அடித்து, இரண்டு நாளில் சின்ன அரண்மனை ஆக்கிவிட்டார். காற்றும் இல்லை, வம்புப் பேச்சும் இல்லை. கோழிகள் பேசிக்கொண்டன, ஆனால் அதில் யாரும் யாரோடும் ஓடிப்போகவில்லை. டெல்மர் பார்க்க வந்தார். வாசலில் நின்று ஒரே ஒரு முறை மூச்சிழுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வெர்லின்... கோழி எச்சம்... அதுவும் அம்மோனியாதான்யா. இந்த வட்டாரத்துல எங்கெங்க அம்மோனியா இருக்குன்னு தேடித் தேடிப் போற ஆளு, என் கடைக்கு வேலைக்கு வந்திருக்கலாமே!"

மேசை மறுபடி வீட்டுக்குள் வந்தது. சமையலறையில் நீராவி. நிலவறையில் ஈரம். மிச்சம் இருந்தது படுக்கையறை ஒன்றுதான். ஓப்பல் ஒருநாள் முழுக்க முடியாது என்றாள். மறுநாள் வெர்லின் காலை உணவின்போது முட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் இளகினாள்.

"சரி. ஆனா கட்டில் விரிப்புல எண்ணெய்க் கை படக்கூடாது. மருந்து டப்பா வெளிய பூட்டின பெட்டியில. நான் வந்து படுத்துட்டா எல்லாத்தையும் ஏறக்கட்டிடணும்."

படுக்கையறையில் மேசை போட்டபின்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நாள் முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வந்து கட்டிலில் சாய்ந்த ஓப்பல், சும்மா கிடந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். சுருட்டுக் குச்சிகளோடு பழகிய விரல்கள்.

"இது கொஞ்சம் நீளம்."

"எல்லாம் ஒரே நீளம். நான் அளந்தேன்."

"மயிரளவு நீளம்ங்கறேன். மயிரளவு எனக்குத் தெரியாதா?"

வெர்லின் மறுபடி அளந்தார். மயிரளவு நீளம்தான். அடுத்த குப்பியை அவளிடம் நீட்டினார். அன்றிலிருந்து குப்பி பிரிப்பது ஓப்பலின் பொறுப்பு. மாட்டு டாக்டர் வீட்டம்மா திரும்பி வந்த கதையும் அப்போதுதான் அவருக்கு முழுசாகக் கிடைத்தது, மருந்து போடாத நேரமாகப் பார்த்து.

செப்டம்பரில், ஞாயிறு தேவாலயம் முடிந்ததும், இருவரும் வட்டாரச் சரளைக் குழிக்குப் போவார்கள். தூரத்து மண்சரிவில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி நிறுத்தி, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி, வெர்லின் சுடுவார். துளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்தன. அவ்வளவு தூரத்தில், அந்தத் துப்பாக்கியில்! வெர்லின் அந்தத் தட்டைத் தொப்பிபோல் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர்.

"எனக்கும் ஒன்னு குடு," என்றாள் ஓப்பல். "எங்க பாக்கணும்?"

"தட்டுக்கு நடுவுல."

"அவ்வளவுதானா?"

"இப்ப அவ்வளவுதான்," என்றார் வெர்லின் பெருமையாக.

அக்டோபரில் மான் வேட்டை தொடங்கியது. இறைச்சி கூடக் கிடைக்குமே என்று வெர்லின் ஓப்பல் பெயருக்கும் ஓர் அனுமதிச்சீட்டு வாங்கியிருந்தார். விடியற்காலையில் டெல்மரின் வண்டியில் மூவரும் கிளம்பினார்கள். டெல்மரிடம் தொலைநோக்கி வைத்த பெரிய ரைபிள். சூரியன் ஏறியபோது ஒரு மேட்டில் தனியாக நின்ற ஆண்மான் கண்ணில் பட்டது. மூவரும் வயிற்றால் ஊர்ந்தார்கள். டெல்மர் ஒவ்வொரு கள்ளிச்செடியையும் முழங்கையால் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"முதல் வெடி உனக்கு," என்று டெல்மர் கிசுகிசுத்தார். "உன் பூச்செண்ட எறி, பாக்கலாம்."

தூரம் கணிசம்தான். பழைய தோட்டாவாக இருந்தால் வெர்லின் முயற்சியே செய்திருக்கமாட்டார். கூர்மூக்குத் தோட்டா ஒன்றைக் குழலுக்குள் வைத்து மூடினார். முழங்கையை ஊன்றினார். மூச்சை இழுத்துப் பாதியை விட்டார். இவ்வளவு நாள் உழைப்பும் விரல் நுனிக்கு வந்து நின்றது. சுட்டார்.

மானுக்குப் பின்னால், மேட்டுச் சரிவில், வெகு உயரத்தில் ஒரு புழுதிப் பூ எழும்பியது.

மான் அப்படியே நின்றது. மூவரும் அப்படியே கிடந்தார்கள். வெர்லின் துப்பாக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். என்ன நடந்தது என்பது மற்றவர்களுக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. குண்டு நூல் பிடித்த மாதிரிதான் போயிருந்தது. ஆனால் அவருடைய கை, இருபது வருஷப் பழக்கத்தில், அவரைக் கேட்காமலே ஒரு முழம் வானத்தைக் குறிபார்த்துவிட்டிருந்தது.

"குண்டு நேராத்தான் போச்சு," என்றார் டெல்மர் மெதுவாக. "மான்தான் கொஞ்சம் தாழ்வா நின்னுடுச்சு."

அதற்குள் மான் முடிவெடுத்தது. புழுதி எழுந்தது பின்னால். ஆபத்து அங்கேதான் இருக்கவேண்டும். அது துள்ளி இவர்களை நோக்கியே ஓடிவந்து, பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது.

"எங்க? எங்க?" என்றார் டெல்மர் தொலைநோக்கியில் கண்ணைப் புதைத்தபடி. "வெறும் மயிராத் தெரியுது! இது மானா, புல்லா?" பெரிதாக்கும் வளையத்தை முழுக்கத் திருகி வைத்திருந்தார்.

வெர்லின் லீவரைத் தள்ளிக் குப்பியை வெளியேற்றினார். பையிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்தார். அவசரத்தில் அது குழலின் துளைக்குள் சேரவில்லை. ஓப்பல் அவர் கையிலிருந்து துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கினாள். தோட்டாவை உள்ளே வைத்து மூடினாள்.

"எங்க பாக்கணும்?"

"தோளுக்கு ஒரு சாண் மே..." என்று ஆரம்பித்த வெர்லின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். விரலிடுக்கு வழியாகச் சொன்னார்: "இல்ல, இல்ல. தோளுக்குப் பின்னாடி. அங்கயே. என் பேச்சக் கேக்காத."

"எப்பக் கேட்டேன்," என்றாள் ஓப்பல். சுட்டாள்.

மான் நாலடி நடந்து மண்டியிட்டுச் சாய்ந்தது. டெல்மர் அப்போதுதான் வளையத்தைக் குறைத்து மானைக் கண்டுபிடித்து, "இதோ பாத்துட்டேன்! ஏன் படுத்திருக்கு?" என்றார்.

வெர்லின் அருகே போய் மண்டி போட்டார். குண்டு புகுந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். சொன்ன இடம். மயிரளவு பிசகவில்லை. தான் சுடவில்லையே என்ற வருத்தமா, தன் தோட்டா சுட்டுவிட்டதே என்ற சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. ஓப்பல் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாவம், அழகா இருந்துச்சு," என்றாள்.

"ஆமா," என்றார் வெர்லின். பிறகு பையிலிருந்து கத்தியை எடுத்தார். கிழிப்பதும் சுத்தம் செய்வதும் அவர் வேலை. அதைச் சரியாகச் செய்தார்.

காபிக் கடையில் டெல்மர் கதையை ஒரு வாரம் வைத்து ஓட்டினார். ஒவ்வொரு நாளும் புழுதிப் பூ இன்னும் உயரமாக எழும்பியது. புதன்கிழமைவாக்கில் அது மேகத்தைத் தொட்டது. வெர்லின் ரன்ஸாவைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மான் நின்ற தூரத்தைக் குறைத்துச் சொன்னபோது மட்டும் தலையைத் தூக்கித் திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மான் இறைச்சியை வெங்காயத்தோடு வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து, ஓப்பல் அண்ணனையும் சாப்பிட அழைத்தாள். மூவரும் தலைகுனிந்தார்கள். ஓப்பல் வழக்கமான ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். 'ஆமென்' வரவில்லை. வெர்லின் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இந்தத் தோட்டாவச் செஞ்ச கைக்காகவும் நன்றி ஆண்டவரே," என்று ஓப்பல் தொடர்ந்தாள். "அடுத்த வருஷம் அந்தக் கையக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்க வையும்."

மேசை அதிர டெல்மர் "ஆமென்!" என்றார்.

வெர்லின் கிரேவிப் பாத்திரத்தை எடுத்து, சிந்தாமல், மச்சான் தட்டைத் தாண்டித் தன் தட்டில் முதலில் ஊற்றிக்கொண்டார்.